நீ எனக்கு இன்னா முறை?

இந்த மலையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர் என்ன என்று கேட்பதுமில்லை. பாதையில் எதிர்ப்படுகிறவர் தலைச்சுமையை ஒரு கையால் பிடித்தபடி நின்று, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த வூட்டுக்கு வந்த?" என்பார். நான் சொல்லும் பதில் அவருக்குப் போதாது. "சரி, அவங்களுக்கு நீ இன்னா முறை?" என்பது அடுத்த கேள்வி. அங்கே, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிடுவார். நாம் குரல் கொடுத்தால் அன்றைக்கு இருக்கிறோம்; கொடுக்காவிட்டால் இல்லை. பெயர்தான் நமக்கு எல்லாம். இங்கே பெயரை வைத்துக்கொண்டு ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்க முடியாது. நீங்கள் யாருக்காவது மாமனாகவோ மச்சானாகவோ பங்காளியாகவோ இருக்க வேண்டும். இருந்தால்தான் அடுத்த வார்த்தை பேச அவர்களுக்கு வாய் வரும்.

இது தெரியாமல் வந்த புதிதில் ஒரு வேலை செய்தேன். என் வயதுக்காரன் ஒருவன் விறகுக்கட்டோடு வந்தான். நம் ஊர்ப் பழக்கத்தில், "மச்சான், ஆஸ்பத்திரிக்கு இந்தப் பாதையா?" என்று கேட்டுவிட்டேன். அங்கே சிங்கள பஸ் கொண்டக்டர்கூட நம்மை "மச்சாங்" என்றுதானே கூப்பிடுவான்! இவன் விறகைக் கீழே இறக்கி வைத்தான். "எங்க அக்காள நீ கட்டிக்கினு கீறியா? இல்ல, உங்க அக்காள நான் கட்டிக்கினு கீறனா?" என்றான். கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். இரண்டும் இல்லை என்றேன். "பின்ன இன்னாத்துக்கு மச்சான்ற?" என்று விறகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பாதையைச் சொல்லவில்லை.

தோட்டத்தில் இருக்கும் உங்களுக்கும், கப்பலேறி வந்து இந்த நாட்டில் மூலைக்கொருவராகச் சிதறிய நம்மவர்களுக்கும் நான் எழுத உட்கார்ந்தது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். கடைசியில் அது எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்துக்கு ஜவ்வாது மலை அடிவாரத்தில், செங்கம் பக்கம், குடியிருக்க இடம் கொடுத்தார்கள். அப்பாவுக்குக் கல்லுடைக்கும் வேலை கிடைத்தது. எங்கள் பரம்பரையில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை பாஸ் செய்தவன் என்பதால் என்னைக் கல்லுடைக்க அப்பா விடவில்லை. வேறு வேலையும் வரவில்லை. மலைமேல் கன்னியாஸ்திரிகள் ஒரு சிறிய மருந்தகம் நடத்துகிறார்கள். அங்கே நர்ஸாக இருக்கும் சிஸ்டர் கணியம்பாடிப் பக்கத்துக்காரர். ஒருநாள் எங்கள் குடியிருப்புக்கு ஊசி போட வந்தவர், சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "சம்பளம் கெடயாது தம்பி. சோறு உண்டு, படுக்க எடம் உண்டு. மேல வயசானவங்க நெறய பேர் தனியா கெடக்குறாங்க. புள்ளைங்கல்லாம் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்ட்டாங்க. நீ போயி அவங்களப் பாத்துட்டு வந்தா போதும்" என்றார். "பார்த்து என்ன செய்ய வேண்டும்?" என்றேன். "மருந்து நான் குடுப்பேன். மத்ததெல்லாம் நீ" என்றார். அந்த 'மத்ததெல்லாம்' எவ்வளவு பெரிய சொல் என்று அப்போது எனக்குத் தெரியாது.

புறப்படும்போது இன்னொரு குழப்பம். மலைமேல் இருப்பவர்கள் யார் என்று விசாரித்தேன். "மலையாளிங்க" என்றார்கள். எனக்குத் தெரிந்து மலையாளி என்றால் கொழும்பில் சுருட்டுக்கடைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த கேரளத்துக்காரர்தான். கடமை என்று வந்த பிறகு அரைகுறையாகச் செய்யக் கூடாதல்லவா? எங்கள் குடியிருப்பில் கேரளத்தில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவரைப் பிடித்து, பெரியவர்களை மரியாதையாக நலம் விசாரிப்பது எப்படி என்று மனப்பாடம் செய்துகொண்டு மலையேறினேன். மலையை ஆள்கிறவர்கள் என்பதால் அவர்களுக்கு அந்தப் பெயர். பேசுவது தமிழ்தான் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் போனது வெள்ளச்சி என்ற வயதான அம்மாவின் வீட்டுக்கு. தெற்குச் சரிவில் கூரை தாழ்ந்த வீடு. கணவர் இறந்தபின் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். அவருடைய அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் பிள்ளைகள் குடகில். ஆடுகளும் அவரும் மட்டும். வாசலில் கைகூப்பி நின்று, "சுகமாணோ பாட்டி?" என்றேன்.

வெள்ளச்சி புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்தினார். "சொகம் மாண்டுப் போச்சான்னா கேக்குற? அது மாண்டு எத்தினியோ வருசமாவுது" என்றார். பிறகு முகம் மாறியது. "பாட்டியா? எவனுக்குடா பாட்டி நானு? ரெண்டு பல்லுதான் உழுந்திருக்குது, பாரு" என்று வாயைத் திறந்து காட்டினார். தண்ணீர்க்குடத்தை நிரப்பி வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

மறுபடி போனபோது அவர் முன்கூட்டியே தயாராக இருந்தார். என்னை வாசலிலேயே நிறுத்தி, "நீ எனக்கு இன்னா முறை?" என்றார்.

எத்தனையாவது தடவை வந்திருக்கிறேன் என்று கேட்கிறார் என நினைத்தேன். "ரெண்டாவது முறைங்க" என்றேன் பணிவாக.

"ரெண்டாவது முறையா?" அவர் கண்ணை இடுக்கினார். "யாருக்கு? எங்க அப்பன் ரெண்டாவதா ஒருத்திய வெச்சிருந்தானா? அவ வயித்துப் புள்ளயா நீ?" சொல்லிவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, முறத்தில் இருந்த சாமை பாதி தரையில் கொட்டியது. நான் அதைப் பொறுக்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பக்கத்து வீடுகளில் எனக்கு 'ரெண்டாவது முறை' என்றே பெயராகிவிட்டது. "ரெண்டாவது முறை வர்றாண்டி, நாயப் புடி" என்று குரல் கேட்கும். எனக்கு வருத்தமில்லை. ஒரு கதவு திறந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

வயதானவர்களோடு நாட்கள் இப்படித்தான் போயின. ஒருவருக்குக் கால் நகம் வெட்ட வேண்டும். குனிய முடியாமல் அது வளைந்து சதைக்குள் இறங்கியிருக்கும். இன்னொருவருக்கு ஊசியில் நூல் கோத்து வைக்க வேண்டும். ஒருவருக்கு முதுகு தேய்த்து வெந்நீர் ஊற்ற வேண்டும். நம் சாயத்தண்ணியை இவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாமென்று ஒருநாள், "சாயத்தண்ணி போடட்டுமா?" என்று கேட்டேன். "வேட்டிக்கா, வாய்க்கா?" என்றார் ஒரு தாத்தா. பாலில்லாத தேத்தண்ணியை நாம் அப்படிச் சொல்வோம் என்று விளக்கியும் அவர் நம்பவில்லை. குடித்துவிட்டு நாக்கை நீட்டி, சாயம் ஏறியிருக்கிறதா என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டிக்கொண்டார். மறுநாள் நான் போனபோது அவரே சட்டி வைத்துத் தண்ணீர் கொதிக்க விட்டுக்கொண்டிருந்தார்.

நம் தோட்டத்து வயதானவர்களை அப்போது நினைத்துக்கொள்வேன். தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் பேர் வெட்டிவிட்டால் ஆண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். பெண்கள் பிள்ளைக் காம்பராவில் அடுத்தவர் குழந்தைகளை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் லயம் என்றால் சுவருக்குச் சுவர் ஒட்டிய வரிசை வீடு. இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். தனிமை என்று ஒன்று அங்கே எவருக்கும் கிடைத்ததில்லை. இங்கே ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு சரிவில். நடுவில் பள்ளம், ஓடை. கால் இருக்கும்வரை பக்கம். கால் போய்விட்டால் எதிர்ச்சரிவும் வெளிநாடுதான்.

அப்படி ஓடைக்கு அந்தப் பக்கம், வடக்குச் சரிவில் இருந்தார் சடையக் கவுண்டர். வெள்ளச்சியின் இறந்துபோன அக்காவுடைய கணவர். மகனும் மருமகளும் உடன் இருந்தார்கள். அவர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் மனைவி போனபிறகு மனிதர் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டே வந்து, நான் பார்த்தபோது கட்டிலிலேயே இருந்தார். ஒருகாலத்தில் திருவிழா ஆட்டத்தில் இவர் முன்னால் நிற்காவிட்டால் மேளம் எடுக்கமாட்டார்களாம். சிஸ்டர் அவரைத் தட்டிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "நெஞ்சு நல்லாருக்கு. ரத்தம் நல்லாருக்கு. ஆனா படுத்தே கெடந்தா முட்டி மடங்கிப் போயிடும் தம்பி. அப்பறம் யார் நெனச்சாலும் அவர நிக்க வெக்க முடியாது. சாப்பாடும் கொறஞ்சிட்டே வருது. எழுப்புறதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல." அதோடு என் முகத்தைப் பார்த்தார். 'மத்ததெல்லாம்' என்ற கணக்கில் இது என் பக்கம் வந்தது.

நான் நிறைய முயன்று பார்த்தேன். செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் காது மந்தம், நான் கத்திய கத்தலில் கோழிகள் ஓடின. அவர் அசையவில்லை. ஒருநாள் மட்டும், நான் வெள்ளச்சி வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும், தலையைத் திருப்பினார். "அவ இன்னும் கீறாளா? இன்னா சொன்னா?" என்றார். அன்றைக்கு அவர் ஒரு உருண்டை களி கூடுதலாகச் சாப்பிட்டதாக மருமகள் சொன்னார். "எங்க மாமாவும் அந்த அத்தையும் ஒண்ணு சேர்ந்தா கேலி தாங்காது. எங்க மாமியாரு இருந்தப்ப ஆடிக்கு ஆடி அங்க போவாங்க. அந்த அத்த வையும், இவரு வைவாரு, ஊரே சிரிக்கும். மாமியாரோட அண்ணன் வந்து கூப்டுவாரு. அவரு செத்ததும் கூப்ட ஆளில்ல. கூப்டாம எப்டிப் போறது?"

மருந்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்துக்கொண்டு ஓடை தாண்டினேன். வெள்ளச்சியிடம், "சடையக் கவுண்டருக்கு ஏதாவது சொல்லி அனுப்புங்க" என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அந்தக் கெழட்டுக் கரடி இன்னும் உசுரோட கீதான்னு கேளு. சாவுறதுன்னா சொல்லி அனுப்பச் சொல்லு, நானு வெத்தல பாக்கு எடுத்தாரணும்" என்றார்.

இங்கேதான் நான் படித்தவன் என்பது குறுக்கே வந்தது. பெரியவரிடம் 'கரடி' என்று எப்படிச் சொல்வது? வழியெல்லாம் திருத்தித் திருத்தி, மரியாதையாக ஒரு வாக்கியம் அமைத்துக்கொண்டேன். கட்டிலருகே குனிந்து, அவர் காதுக்கு எட்ட வேண்டுமென்று முழுக் குரலில் சொன்னேன்: "ஐயா, தாங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்களா என்று வெள்ளச்சி அம்மா கேட்டு வரச் சொன்னாங்க. இறப்பதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமாம்."

அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கேட்டது. சடையக் கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "எவன்டா நீ? எந்த ஊரு, எந்த சனம்? எனக்கு நீ இன்னா முறை? எஞ்சாவக் கேக்குறதுக்கு?" என்றார். குரலில் கேலி இல்லை. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளும் கஞ்சித் தண்ணீர் மட்டும். மருமகள் கதவோரம் நின்று, "இன்னாண்ணா இப்பிடிப் பேசிட்ட?" என்றார். சிஸ்டர் திட்டவில்லை. "சரி பண்ணு" என்று மட்டும் சொன்னார். ஏற்கனவே மெலிந்த மனிதர். முட்டி மடங்குவதற்கு முன் எனக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறதென்று தெரியாமல் தவித்தேன்.

வெள்ளச்சியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"தாங்களா? இருக்கிறீர்களாவா? அடப் பாவி! நானு கேலி குடுத்தனுப்பினா, நீ அத சம்மன் ஆக்கிக் கொண்டு போயிக் குடுத்திருக்கியே! கோர்ட்டு ஆளு வந்து கேக்குற மாதிரி கேட்டா மனுசன் சாவாம இன்னா பண்ணுவான்?"

"மரியாதையாத்தானே சொன்னேங்க?"

"அதான்டா தப்பு! கேலிய மரியாதையா சொன்னா அது சாபம். இன்னொண்ணு கேளு. கேலி பண்ண முறை வேணும். மச்சான் பண்ணலாம், கொழுந்தியா பண்ணலாம். வழிப்போக்கன் பண்ணா அது கேலியா?" சொல்லிக்கொண்டே எழுந்து, உள்ளே இருந்த ஒரு பலகையை இழுத்துப் போட்டார். "எங்க அண்ணன் உக்காருற பலக இது. உக்காரு."

நான் தயங்கினேன். "உக்காருடா" என்றார். உட்கார்ந்தேன். தட்டில் சாமைச் சோறு போட்டு மொச்சைக் குழம்பு ஊற்றினார். சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனார். அங்கே நாலைந்து பெரியவர்கள் இருந்தார்கள். "இவன் எனக்குத் தம்பி. எங்கண்ணன் பலகைல உக்காந்து எங்கையால துன்னுட்டான். எல்லாம் கேட்டுக்குங்க" என்றார்.

ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார். "எந்த ஊருடா நீ?" இலங்கை என்றேன். "அங்க இன்னாவா இருந்தீங்க?" மலையகம் என்று சொல்வார்கள், மலையில் தேயிலைத் தோட்டம் என்றேன். "மலைல இருந்தவனா?" அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இவனும் மலையாளிதான்யா! கடலுக்கு அந்தாண்ட மலையாளி." எல்லாரும் சிரித்தார்கள். "சரி, வெள்ளச்சி தம்பின்னு வெச்சிக்கலாம். ஆனா ஒண்ணுடா, இங்க பொண்ணு மட்டும் கேக்கக் கூடாது." நான் அவசரமாகத் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து மறுபடி சிரித்தார்கள்.

இப்படியாக, என் வயதுக்கு இரண்டு தலைமுறை மூத்த பெண்ணுக்குத் தம்பியானேன். அக்காள் கணவர் மச்சான் என்றால், சடையக் கவுண்டர் எனக்கு மச்சான். ஆடி பிறந்திருந்தது. மச்சானை அழைக்க வேண்டியது என் வேலை.

வெள்ளச்சி அக்கா எனக்குப் பாடம் நடத்தினார். அது நான் பரீட்சைக்குப் படித்ததைவிடக் கடினமாக இருந்தது. "வாசப்படிய தாண்டாம நின்னு கூப்புடணும். அவரு வர மாட்டேன்னுவாரு. நீ வையணும். அவரும் வைவாரு. அப்பறம் கையப் புடிச்சித் தூக்கணும். எங்க, சொல்லு பாப்பம்."

"மச்சான், ஆடிக்கு வீட்டுக்கு வாங்க."

"'ங்க' எதுக்குடா? மச்சானுக்கு எவனாவது 'ங்க' போடுவானா? 'ங்க' போட்டா அந்நியம்."

"மச்சான், ஆடிக்கு வா...ங்க."

"திருந்த மாட்ட நீ" என்று ஆட்டுக்குத் தழை வெட்டப் போய்விட்டார். நான் ஆடுகளைப் பார்த்துப் பழகினேன்.

பழகியும் அந்த அழைப்பு எனக்குச் சரளமாக வரவில்லை. காரணம் மரியாதை மட்டுமில்லை. எனக்குச் சொந்த அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். தோட்டத்தின் மேல் டிவிசனில் கட்டிக் கொடுத்தோம். ஆடிப்பூசைக்கு அப்பாவோடு தேயிலை மலைக்கு நடுவே ஏறிப் போய் அவளையும் மச்சானையும் அழைத்து வருவேன். ஒருவருடம் அப்பா காய்ச்சலில் படுத்ததால் நான் மட்டும் போனேன். லயத்து வாசலில் நின்று, பெரிய மனுசன் போலக் குரலைத் தடிப்பாக்கி அழைத்தேன். மச்சான் வேண்டுமென்றே கம்பளிக்குள் ஒளிந்துகொண்டு, "ஆள் பத்தாது, பெரிய ஆளா வரச் சொல்லு" என்றார். எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. கப்பல் ஏறிய நாளிலிருந்து அந்த வாசலில் போய் நின்று அழைக்க ஆளில்லை. இதை நான் வெள்ளச்சி அக்காவிடம் சொல்லவில்லை. பலகையில் உட்கார வைத்தவரிடம் வேறொரு வீட்டைப் பற்றி எப்படிச் சொல்வது?

ஆடி விருந்து வைத்த நாளில், காலை வெயில் ஏறியதும் வடக்குச் சரிவுக்குப் போனேன். அக்கம்பக்கத்தவர் ஏற்கனவே சேதி தெரிந்து கூடியிருந்தார்கள். சிஸ்டரும் மருந்துப் பையோடு நின்றார்; என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். கதவு திறந்திருந்தது. சடையக் கவுண்டர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். படிக்கு வெளியே நின்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்:

"யோவ் மச்சான்! கரடி மாதிரி செவுத்தப் பாத்துக்கினு இன்னா படுக்க? எங்க அக்கா பலாப்பழம் அறுத்து வெச்சிருக்கா! ஏந்திரிய்யா!"

அவருடைய தோள் குலுங்கியது. "அய்யோ, அழுவுறாரு" என்றார் மருமகள். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் மெதுவாகப் புரண்டார். கண்ணில் நீர்தான், ஆனால் வாய் முழுக்கச் சிரிப்பு.

"எவன்டா அவன் மச்சான்றவன்? எங்க மாமனாரு எப்படா உன்னப் பெத்தாரு? அவரு செத்து முப்பாட்டன் ஆயிட்டாரே!"

"ரெண்டாவது முறைல பெத்தாரு!" என்று கூட்டத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள். வீடே அதிர்ந்தது.

"வெறுங்கையோட வந்து கூப்புடுற. சீரு எங்கடா?"

"நானே சீருதான்! தூக்கிக்கினு போறதுக்கு வந்திருக்கேன்!"

"நீயா? எங்கூட்டு சேவக் கோழி உன்ன விட கனம். வர முடியாது போ."

"வராட்டி போ! உன் பங்கு சுளயும் நானே துன்றேன்!"

இந்த 'போ' எப்படி என் வாயில் வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவர் உடனே ஒரு கையை ஊன்றினார். "அவ கொல்லப் பலாவா? ஓடையோரத்துலயே கீது, அதா?" என்றார். ஆமாம் என்றேன். மற்றொரு கையை என் பக்கம் நீட்டினார். படி தாண்டிப் போய்ப் பிடித்துத் தூக்கினேன். முட்டி கடகடவென்றது. ஒருகணம் இருவரும் சாய்ந்தோம். சிஸ்டர் முன்னால் வந்தார்; மருமகள் அவர் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். கவுண்டர் நின்றுவிட்டார். டோலி கட்டலாமா என்று மகன் கேட்டதற்கு, "மச்சான் தோள் இருக்கச் சொல்ல டோலி எதுக்குடா?" என்று வைதார்.

ஓடை வரையும் இறங்கி, மறுபடி ஏறி, பாறைக்குப் பாறை உட்கார்ந்து, வழியில் கண்ட ஒவ்வொருவரிடமும் "இவன்தான் எம் மச்சான், நேத்துதான் பொறந்தான்" என்று அறிமுகம் செய்துகொண்டு வந்தார். வெள்ளச்சி அக்கா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார். "வந்திட்டியா கரடி? நானு வெத்தல பாக்கெல்லாம் வாங்கி வெச்சிட்டனே!" என்றார். காதுக்கு எட்டாமல் "இன்னா?" என்றார் அவர். அக்கா கிட்டே வந்து காதருகே அதையே கத்தினார். "வாங்கிட்டியா? அப்ப போடு, துன்னுட்டு மெல்லலாம்" என்றார் அவர். கோழிக் குழம்பு, சாமைச் சோறு, தேனில் தொட்டுக்கொள்ளப் பலாச்சுளை. அவர் சாப்பிட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். "எங் கைய ஏண்டா பாக்குற? கண்ணு பட்டுரும், உன் எலையப் பாரு" என்று அதற்கும் வைதார். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. என் நெஞ்சுக்குள் யாரோ தப்பு மேளம் அடித்தது போலிருந்தது என்று மட்டும் சொல்லுகிறேன்.

மாலை மங்கத் தொடங்கியபோது திரும்பினோம். அழைத்து வந்த மச்சான்தான் கொண்டு போய் விட வேண்டும். ஓடையைத் தாண்டி மேட்டுப் பாறையில் அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். தூரத்தில் செங்கத்து விளக்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

"உங்கூருல உனக்கு நெசமான அக்கா உண்டாடா?" என்றார் திடீரென்று.

உண்டு என்று தலையாட்டினேன்.

"மச்சானக் கூப்டியா ஆடிக்கு?"

கடல் இருக்கிறது, பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும் என்று அவர் காதில் கத்தினேன். அவருக்குப் பாதிதான் எட்டியது. எட்டிய பாதியும் காரணமாகப் படவில்லை. "கூப்புடுறதுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? வர்றதுக்குத்தான வேணும்? எந்தப் பக்கம் கீது உங்கூரு?"

திசை எனக்கே நிச்சயமில்லை. செங்கத்து விளக்குகளுக்கு அப்பால், தெற்கே, கையைக் காட்டினேன்.

"கூப்புடு."

சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை. கையை வாயருகே குவித்தேன். "மச்சா...ன்! அக்காவக் கூட்டிக்கிட்டு ஆடிக்கு வாங்க...!" என் குரல் எதிர்ச்சரிவில் மோதியது. கொஞ்சம் பொறுத்து, அந்தச் சரிவிலிருந்து வெள்ளச்சி அக்காவின் குரல் வந்தது: "இப்பதானடா துன்னுட்டுப் போனாரு உங்க மச்சான்! மறுபடியும் எதுக்குடா கூப்புடுற...?"

சடையக் கவுண்டருக்கு அது கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதிலு வந்திச்சா?"

"வந்திச்சி மச்சான்."

"இன்னாவாம்?"

"வர்றாங்களாம்."

"அப்ப ஒரு பலா எடுத்து வெக்கச் சொல்லிரு" என்று கையை நீட்டினார். அவர் வீடு வடக்கே. தெற்கைப் பார்த்தபடியே நான் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினேன்.